கசியாத நெகிழ்குழாய்: தமிழகத்து வீட்டுத் தோட்டங்களுக்கான ஓஸ் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

மொட்டைமாடிக் குழாயின் மூக்கில் ஒரு பச்சை டியூப் செருகியிருக்கிறது. அது நழுவாமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து நாலு சுற்று கட்டியிருக்கிறார்கள். அதன் மேல் கட்டுக்கம்பி, கம்பியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. குழாயைத் திறந்ததும் இத்தனை கட்டுகளுக்கும் இடையிலிருந்து தண்ணீர் விசிறிபோல் பீய்ச்சி, செடிக்குப் போவதற்கு முன் நம் காலை நனைக்கிறது. தமிழகத்தில் தோட்டம் வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். என் வீட்டிலும் பல ஆண்டுகள் இதைத்தான் பார்த்தேன்.

இதைச் சிறிய தொல்லை என்று தள்ளிவிட முடியாது. இணைப்பில் நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு அரை மணி நேரம் தண்ணீர் விட்டால் 6 லிட்டர் வீணாகும். மாதத்துக்கு 180 லிட்டர், ஆண்டுக்கு 2,190 லிட்டர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 50 தொட்டி வண்டிகள், வண்டிக்கு 50,000 லிட்டர் என ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது. அப்படித் தண்ணீர் வரவழைக்க நேர்ந்த ஊரில், ஒரு ரூபாய் வாஷர் இல்லாததால் ஒழுகும் நீரை அற்பம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

இக்கட்டுரையின் நோக்கம் நீடித்து உழைக்கும், கசியாத நெகிழ்குழாயைத் தேர்வதற்கான அடிப்படைகளை ஒழுங்குபடுத்திச் சொல்வது.

1. பொருள் வரையறையும் கருதுகோளும்

1.1 பெயர்

ஆங்கிலத்திலிருந்து வந்த ‘ஹோஸ்’ நம் பேச்சில் ‘ஓஸ்’ ஆகிவிட்டது. வீடுகளில் ‘டியூப்’ என்பார்கள், கடைகளில் ‘ஓஸ் பைப்’ என்பார்கள். அறிவியல் தமிழ் ‘நெகிழ்குழாய்’ என்கிறது. சுவரில் பதித்த விறைப்பான குழாயிலிருந்து பிரித்துக் காட்ட இக்கட்டுரை ‘ஓஸ்’ என்ற வழக்குச் சொல்லையே பெரிதும் கையாளுகிறது.

1.2 எல்லை

மாடித் தோட்டம், வீட்டுக் கொல்லை, முன்வாசல் தோட்டம் ஆகியவற்றுக்குக் கையால் நீர் பாய்ச்சும் ஓஸே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். சொட்டுநீர்ப் பாசனக் குழல்களும் வயலுக்கான பெரிய குழாய்களும் ஒப்பீட்டுக்கு மட்டும் வருகின்றன.

1.3 கருதுகோள்

ஓஸ் வாங்கப் போகும் எவரும் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, “நல்லதா ஒண்ணு குடுங்க, எது நல்லது?” என்பதுதான். எந்த வீட்டுக்கு, எந்தத் தொட்டிக்கு என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல இயலாது. ஓஸின் உடல் வெடித்து நீர் போவது குறைவு. அழுத்தம், சுவர், இணைப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில்தான் பெரும்பாலான கசிவுகள் பிறக்கின்றன. ஆகவே ஓஸ் தேர்வு கடையில் தொடங்கக் கூடாது, தொட்டியின் அடியில் தொடங்க வேண்டும். இக்கருத்தைப் பின்வரும் பகுதிகள் நிறுவ முயல்கின்றன.

2. வரலாற்றுப் பின்னணி

கிணற்று மேடுகளில் கமலை ஏற்றம் ஓடிய காலத்தில் நாமும் ஒரு நெகிழ்குழாயைப் பயன்படுத்தினோம். நீர் அள்ளும் சாலின் அடியில் தோலாலான குழல் ஒன்று தொங்கும். தும்பி, வால் என்று ஊருக்கு ஊர் அதற்குப் பெயர் வேறு. சால் கிணற்றுக்குள்ளிருந்து ஏறும்போது குழலின் வாய் மேல்நோக்கி மடங்கி நீரைத் தாங்கும். மேட்டுக்கு வந்ததும் வாய் விரிந்து நீர் வாய்க்காலில் கொட்டும். வளையும் குழலில் நீரை அடக்கி, வேண்டிய இடத்தில் விடுவது என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று.

ஐரோப்பாவில் 1670-களில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஓவியர் யான் வான் டெர் ஹைடன் தீயணைப்புக்காகத் தோலைத் தைத்து நீண்ட குழாய்கள் செய்தார். துண்டுகளைப் பித்தளை இணைப்புகளால் பூட்டினார். அழுத்தம் கூடியபோது தையல் விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தையலுக்குப் பதில் உலோக ஆணிகளால் தோலை இறுக்கினார்கள். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டதும் தையலே இல்லாத குழாய்க்கு வழி பிறந்தது. 1926-இல் வால்டோ சீமோன், விறைப்பான பி.வி.சி.யில் மென்மையூட்டிகளைச் சேர்த்து அதை வளையச் செய்தார். இன்றைய பச்சை டியூபின் மூலம் அதுவே.

இணைப்பின் வரலாறு தனியாக நடந்தது. திருகிய உலோகப் பட்டையால் குழாயை இறுக்கும் கிளாம்ப்பை 1921-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியாக இருந்த லம்லி ராபின்சன் உருவாக்கினார். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தை நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1930-களில் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றார். குழாயின் உடலுக்கு ரப்பர் கிடைத்துப் பல பத்தாண்டுகள் கழித்தும் அதன் முனைக்கு மனிதர்கள் தீர்வு தேடிக்கொண்டிருந்தார்கள். கடினமான சிக்கல் முனையில்தான் இருந்தது என்பதற்கு இந்தக் கால இடைவெளியே சான்று.

3. அழுத்தமும் உள்விட்டமும்

3.1 தொட்டியின் உயரம்

நம் பிளம்பர்கள் அழுத்தத்தைக் ‘கிலோ’ கணக்கில் சொல்வார்கள். “ரெண்டு கிலோ பிரஷர் வரும் சார்” என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ என்று பொருள். 10 மீட்டர் உயரமுள்ள நீர் 1 கிலோ அழுத்தம் தரும். தொட்டி உருண்டையா சதுரமா, 500 லிட்டரா 2,000 லிட்டரா என்பது இதில் கணக்கில்லை. நீர்மட்டத்துக்கும் ஓஸின் வாய்க்கும் உள்ள உயர வேறுபாடு மட்டுமே கணக்கு. இந்த அளவில் நம் வீடுகளை மூன்றாகப் பகுக்கலாம்.

(அ) மொட்டைமாடித் தோட்டம். தொட்டி அதே மாடியில், சிறு மேடை மீது இருக்கிறது. உயர வேறுபாடு 1 முதல் 2 மீட்டர். அழுத்தம் 0.1 முதல் 0.2 கிலோ.

(ஆ) தரைத் தோட்டம், மாடித் தொட்டி. ஒரு தளம் ஏறக்குறைய 3 மீட்டர். இரண்டு தள வீட்டில் தொட்டி மேடையையும் சேர்த்தால் 7 அல்லது 8 மீட்டர். அழுத்தம் 0.7 முதல் 0.8 கிலோ.

(இ) மோட்டாரிலிருந்து நேரடி இணைப்பு, அல்லது பிரஷர் பம்ப். மோட்டாரின் தகட்டில் ‘ஹெட்’ என்று மீட்டரில் ஓர் எண் பொறித்திருக்கும். அதன் உச்ச அளவைப் பத்தால் வகுத்தால் கிலோ கிடைக்கும். 40 மீட்டர் உச்ச ஹெட் உள்ள மோட்டார் ஓடும்போது ஓஸின் நுனியை அடைத்தால், உள்ளே ஏறக்குறைய 4 கிலோ அழுத்தம் எழும்.

முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையில் இருபது முதல் நாற்பது மடங்கு வரை வேறுபாடு உண்டு. இரண்டுக்கும் ஒரே ஓஸைப் பரிந்துரைப்பது எப்படிப் பொருந்தும்?

3.2 உள்விட்டம்

அரை அங்குலம் (12.5 மி.மீ.), முக்கால் அங்குலம் (19 அல்லது 20 மி.மீ.), ஓர் அங்குலம் (25 மி.மீ.) ஆகியவை நம் கடைகளில் கிடைக்கும் அளவுகள். அரையிலிருந்து முக்காலுக்குப் போவது சிறு மாற்றமாகத் தோன்றும். நீரோட்டக் கணக்கு வேறு சொல்கிறது. ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரப்படி உராய்வு இழப்பு விட்டத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக அமையும். விட்டம் ஒன்றரை மடங்கானால் அதே நீரோட்டத்துக்கு உராய்வு ஏழில் ஒரு பங்காகக் குறையும்.

ஒரு மாடித் தோட்டத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். உயர வேறுபாடு 1.5 மீட்டர், ஓஸின் நீளம் 15 மீட்டர். 12.5 மி.மீ. ஓஸில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6.5 லிட்டர் வரும். 19 மி.மீ. ஓஸில் 20 லிட்டர் வரும். 15 லிட்டர் வாளி நிரம்ப முன்னதற்கு இரண்டேகால் நிமிடம், பின்னதற்கு முக்கால் நிமிடம். குழாயின் வாய் குறுகலாக இருந்தால் இரண்டும் சற்றுக் குறையும். ஆயினும் மும்மடங்கு வேறுபாட்டின் திசை மாறாது.

இதற்கும் கசிவுக்கும் நேரான தொடர்பு உண்டு. மெல்லிய ஓஸில் நீர் வரத்துக் குறைவு என்று கண்டதும் நாம் என்ன செய்கிறோம்? மோட்டாரைப் போட்டு அதன் நேர் இணைப்பில் ஓஸை மாட்டுகிறோம். 0.2 கிலோவுக்குச் செருகிய முனை 3 கிலோவைச் சந்திக்கிறது, பிடுங்கிக்கொண்டு போகிறது. பழி ஓஸின் மேல் விழுகிறது. தவறு அளவில்தான் இருந்தது.

மறுபக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 19 மி.மீ. ஓஸ் 15 மீட்டருக்கு 4 லிட்டருக்கு மேல் நீரைச் சுமக்கும். 30 மீட்டருக்கு எட்டரை லிட்டர். அந்த எடையைத் தொட்டிகளுக்கு இடையே இழுத்துக்கொண்டு நடப்பவர் பெரும்பாலும் வீட்டில் மூத்தவர்கள். எனவே நீளத்தைத் தேவைக்குமேல் வாங்கக் கூடாது. குழாயடியிலிருந்து கடைசித் தொட்டி வரை ஒரு கயிற்றை வளைவு நெளிவோடு ஓட்டி அளந்து, அதோடு ஒரு மீட்டர் கூட்டிக்கொண்டால் போதும்.

4. சுவர்: பொருளும் இழையும்

4.1 பி.வி.சி.

மின்வயர் ஓடும் விறைத்த குழாயும் தோட்டத்து நெகிழ்ந்த குழாயும் ஒரே பிசினில் பிறந்தவை. ஒன்றை மற்றொன்றாக்குவது மென்மையூட்டி என்னும் எண்ணெய்த்தன்மையுள்ள சேர்மானம். ஓஸின் எடையில் மூன்றில் ஒரு பங்குவரைகூட அது இருக்கலாம். அது பிசினோடு வேதியியலாகப் பிணைவதில்லை, இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவே. வெயிலிலும் சூட்டிலும் மெல்ல மெல்ல வெளியேறும். இரண்டு கோடை கண்ட மலிவு ஓஸ் விறைத்து, மடித்தால் படக்கென்று கீறுவதற்குக் காரணம் இதுதான்.

புற ஊதாக் கதிர் பிசினின் பிணைப்புகளையும் அறுக்கிறது. கரித்தூள் கலந்த கருப்பு ஓஸ் அக்கதிரைத் தானே விழுங்கி உள்ளிருக்கும் பொருளைக் காக்கும். கண்ணாடிபோல் தெரியும் ஓஸில் ஒளி உள்ளே நுழைவதால் பாசி படியும். அந்தப் பாசி பெயர்ந்து பூவாளித் தலையின் துளைகளை அடைக்கும். ஆகவே தோட்டத்துக்கு ஒளிபுகா ஓஸே உகந்தது.

ஓர் எச்சரிக்கையும் இங்கு தேவை. தோட்ட ஓஸின் சேர்மானங்கள் குடிநீரை மனதில் வைத்து அமைந்தவை அல்ல. வெயிலில் கிடந்த ஓஸின் நீரைக் குழந்தைகள் வாய் வைத்துக் குடிக்க விடக்கூடாது.

4.2 ரப்பர்

இயற்கை ரப்பர் நன்கு வளையும், எனினும் வளைந்த நிலையில் காற்றிலுள்ள ஓசோன் பட்டு நுண்ணிய வெடிப்புகள் காணும். ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் வெயிலையும் ஓசோனையும் சூட்டையும் நன்கு தாங்கும். கருப்பாக, கனமாக, விலை கூடுதலாக இருக்கும். நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் நிரந்தரமாகக் கிடக்கப்போகும் ஓஸுக்கு இதுவே முதல் தேர்வு.

4.3 நூல் பின்னல்

ஓஸின் சுவரில் அழுத்தம் இரு திசையில் இழுக்கிறது. சுற்றுவாட்டில் விழும் இழுவிசை நீளவாட்டில் விழுவதைப்போல் இரு மடங்கு. வெடித்த ஓஸை எடுத்துப் பாருங்கள், கீறல் நீளவாட்டில் இருக்கும். சுற்றி அணைத்த பிடி விட்டதால் நேர்ந்த கீறல் அது.

இரு அடுக்குச் சுவருக்கு நடுவே பாலியஸ்டர் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துப் பின்னுவது இந்த இரட்டை இழுவிசையைத் தாங்கத்தான். நூல் ஓஸின் அச்சோடு ஏறக்குறைய 54.7 பாகை சாய்ந்திருந்தால் இரு திசை விசைகளும் சமனாகி, அழுத்தம் ஏறினாலும் ஓஸ் நீளவும் செய்யாது, உப்பவும் செய்யாது. இந்தக் கணக்கின் அழகு என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. கடையில் தொங்கும் ஓஸின் மேல் நாம் அலங்காரம் என்று நினைக்கும் சாய்சதுரக் கட்டங்கள், விசையைப் பங்கிடும் வழி.

பின்னலின் பயன் வெடிப்பைத் தடுப்பதோடு நிற்பதில்லை. நூலில்லாத ஓஸ் அழுத்தத்தில் உப்பும்போது குழாய்முனையைப் பிடித்திருக்கும் அதன் பிடியும் தளர்கிறது. பின்னிய ஓஸ் உப்பாததால் முனையின் பிடியும் நிலைக்கிறது. ஆகவே (ஆ), (இ) வகை வீடுகளுக்கு நூல் வைத்த ஓஸ் இன்றியமையாதது. இத்தகைய ஓஸுக்கென ஐ.எஸ்.ஓ. 6224 என்ற பன்னாட்டுத் தரமும், நீரழுத்தச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 1402 என்ற தரமும் உள்ளன. ஓஸின் மேல் அச்சிட்ட எழுத்தில் தர எண், உள்விட்டம், வேலை அழுத்தம் மூன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை அழுத்தமும் வெடிக்கும் அழுத்தமும் வேறுவேறு. பெரிய எண்ணைக் காட்டி விற்றால் அது எந்த அழுத்தம் என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

4.4 விரியும் ஓஸ்

விளம்பரங்களில் பெரிதாகக் காட்டும் விரியும் ஓஸ், துணி உறைக்குள் மெல்லிய மீள்குழல் கொண்டது. நீரின் அழுத்தம் குழலை நீட்டினால்தான் அது முழு நீளத்தை அடையும். மொட்டைமாடித் தொட்டியின் 0.2 கிலோவுக்கு அது சோம்பிக் கிடக்கும். மோட்டாரில் மாட்டினால் விரியும், ஆனால் உள்குழலில் ஒரு சிறு துளை விழுந்தாலும் ஒட்டுப்போட வழியில்லை. பளபளப்பைக் கண்டு அதை வாங்கி, இரண்டே மாதத்தில் தூக்கி எறிந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வயலுக்குப் பயன்படும் தட்டை ஓஸ் சுருட்டி வைக்க எளிது. ஆனால் நீரில்லாதபோது படிந்துவிடுவதாலும், வளைவில் உடனே மடிவதாலும் தொட்டிகளுக்கிடையே நெளிந்து செல்லும் வேலைக்கு அது ஏற்றதன்று.

4.5 கடையில் செய்யத்தக்க சோதனைகள்

நம் ஊரில் ஓஸை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவது நமக்கு ஒரு வாய்ப்பு. வெட்டிய வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வெட்டுவாய். சுவர் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்திருந்தால், மெலிந்த பக்கமே ஓஸின் உண்மையான வலிமை. சுவருக்குள் ஊசிமுனைக் குமிழ்கள் தெரிந்தால் அச்சுருளை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, மடிப்பு. ஓஸை மெல்ல வளைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மடியும். சிறிய வட்டம் வரை மடியாமல் வளைவது நல்லது. மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து மறையாமல் நின்றால், சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பிகள் மிகுதியாகக் கலந்துள்ளன என்று கொள்ளலாம்.

மூன்றாவது, எடை. கனமான ஓஸ் தரமானது என்பது பரவலான நம்பிக்கை. மென்மையான பி.வி.சி.யைவிடச் சுண்ணாம்புத் தூள் இரு மடங்கு அடர்த்தி கொண்டது. ஆகவே தூள் கூடினாலும் கனம் கூடும். நம்பத்தக்கது சுவரின் தடிமனும் நெகிழ்வும்தான். எடையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

நான்காவது, நீளம். 100 அடி என்றால் 30.48 மீட்டர். 30 மீட்டர் சுருளை 100 அடி என்று விற்பது வழக்கம். விலையை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

5. இணைப்பு: கசிவின் பிறப்பிடம்

5.1 செருகுமுனை

சாதாரணக் குழாயின் மூக்கு வழவழப்பானது, அகலமும் வீட்டுக்கு வீடு மாறும். ஓஸ் அதைக் கவ்விப் பிடிக்க வழியில்லை. முதல் திருத்தம் இங்கேதான் தேவை. தோட்டக் குழாயைக் கழற்றிவிட்டு, ஓஸ் மாட்டுவதற்கென்றே வரிப்பள்ளங்களுள்ள நீண்ட மூக்கு கொண்ட குழாயைப் பொருத்த வேண்டும். கடையில் ‘நாசில் டேப்’ என்று கேட்டால் தருவார்கள். அதன் மரையில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் உரிந்து வந்துவிடும்.

ஓஸின் முனையை அதில் ஏற்றுவதற்கு நெருப்பு காட்டும் பழக்கம் உண்டு. மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிய முனை கருகி, மென்மையூட்டியை இழந்து, சில வாரத்தில் அந்த இடத்திலேயே கீறும். நான் கற்ற எளிய முறை இது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஓஸின் முனையை ஒரு நிமிடம் நிற்க வைக்க வேண்டும். எடுத்ததும் அது வெற்றிலைபோல் துவண்டிருக்கும். துணியால் பிடித்து மூக்கின் வரிகள் அனைத்தும் மறையும்வரை ஏற்ற வேண்டும். ஆறியதும் வரிகளின் வடிவத்தைத் தானே ஏற்று இறுகிக்கொள்ளும். அதன் பிறகே கிளாம்ப்.

5.2 கிளாம்ப்பை மறுமுறை இறுக்குதல்

கட்டுக்கம்பி ஒரு கோடாக அழுத்தும், அழுத்திய இடத்தை அறுக்கும். பட்டைக் கிளாம்ப் அகலமாக, சுற்றிலும் சமமாக அழுத்தும். கடலோர ஊர்களிலும் உப்புநீர் வரும் ஆழ்துளைக் கிணறு உள்ள வீடுகளிலும் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப்பையே வாங்க வேண்டும்.

பலரும் அறியாத ஒன்று இங்கு உண்டு. மென்மையான பி.வி.சி. தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து இடம் விடும். இன்று இறுக்கிய கிளாம்ப்பின் கீழ் சில நாளில் பிடி குறைந்திருக்கும். “மாட்டின புதுசுல நல்லாத்தான் இருந்தது” என்று நாம் சொல்வதன் காரணம் இதுவே. மாட்டி ஒரு வாரம் கழித்துத் திருப்புளியால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். கசிவைத் தடுக்கும் வேலைகளில் இதைவிடச் செலவில்லாதது இல்லை.

5.3 மரைப் பொருத்தம்

இந்தியாவில் வீட்டுக் குழாய்களின் மரை பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் மரபைச் சேர்ந்தது. அரை, முக்கால் அங்குல அளவுகளில் அங்குலத்துக்கு 14 மரை. அமெரிக்கத் தோட்ட ஓஸின் மரை வேறு, அங்குலத்துக்குப் பதினொன்றரை. முக்கால் அங்குல பி.எஸ்.பி. மரையின் வெளிவிட்டம் 26.4 மி.மீ., அமெரிக்க மரைக்கு ஏறக்குறைய 27 மி.மீ. அளவுகள் நெருங்கியிருப்பதால் ஒன்று மற்றொன்றில் ஓரிரு சுற்று ஏறும், பொருந்திவிட்டதென்று தோன்றும், பிறகு கடித்து நிற்கும். எத்தனை டெஃப்லான் சுற்றினாலும் ஒழுகும். பலம் கொடுத்து முறுக்கினால் பிளாஸ்டிக் மரை நசியும். இணையத்தில் வரவழைக்கும் இணைப்புகளில் மரையின் வகை எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

உலோகத்தையும் கவனிக்க வேண்டும். பித்தளைக் குழாயில் அலுமினிய இணைப்பை மாட்டினால் ஈரத்தில் இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு நடந்து, ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கழற்ற வராது. பித்தளைக்குப் பித்தளை, அல்லது நல்ல பிளாஸ்டிக் பொருந்தும்.

5.4 கிளிக் இணைப்பு

அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் கிளிக் இணைப்புகளில் நீரை அடைப்பது உள்ளிருக்கும் ஓ-ரிங். கசிந்தால் பெரும்பாலும் அந்த வளையம் தேய்ந்திருக்கும், அல்லது அதன் பள்ளத்தில் மணல் துகள் உட்கார்ந்திருக்கும். இணைப்பைத் தூக்கிப் போடத் தேவையில்லை. வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்து, கழுவி, தேய்ந்திருந்தால் அதே அளவில் மாற்றினால் போதும். தனி வளையம் கடையில் கிடைக்கும் வகையான இணைப்பையே முதலில் வாங்குவது அறிவுடைமை.

6. பயன்பாடும் பராமரிப்பும்

6.1 வேலை முடிந்ததும் நுனியைப் பூட்டிவிட்டுக் குழாயைத் திறந்தே விடுவது ஓஸின் ஆயுளைக் குறைக்கும் முதல் பழக்கம். அழுத்தம் இரவு பகலாக நிற்கும், கத்திரி வெயிலில் சுவர் இளகும், இரண்டும் சேர்ந்த இடத்தில் ஓஸ் உப்பும். குழாயை முதலில் மூடி, பிறகு நுனியைத் திறந்து உள்ளிருக்கும் நீரை ஒரு தொட்டிக்குள் வடிய விட வேண்டும்.

6.2 வெயிலில் கிடந்த ஓஸில் முதலில் வரும் நீர் கொதிநீர்போல் இருக்கும். அது நாற்றின் வேரையும் குழந்தையின் கையையும் சுடும். அதை வாளியில் பிடித்து, ஆறியபின் ஊற்ற வேண்டும்.

6.3 ஒற்றை ஆணியில் தொங்கவிட்டால் முழு எடையும் ஒரே மடிப்பில் விழும். காலியான பெயின்ட் வாளியின் அடியைச் சுவரில் திருகி, அதன் மேல் சுற்றி வைத்தால் வளைவு அகலமாகும், வாளிக்குள் பூவாளித் தலையையும் வாஷர்களையும் வைத்துக்கொள்ளலாம். நிழலான சுவராக இருப்பது முக்கியம். அணிலும் எலியும் கடிக்கும் வீடுகளில் தரையில் விடாமல் சுற்றி வைப்பதே காப்பு.

6.4 கீறல் விழுந்தால் டேப் சுற்றுவதில் பயனில்லை. நீர் டேப்பின் அடியில் வழி தேடிக்கொள்ளும். கீறிய பகுதியை இருபுறமும் நேராக வெட்டி எடுத்து, நடுவில் ஜாயின்டர் வைத்து, இரு பக்கமும் கிளாம்ப் இறுக்க வேண்டும். ஓஸ் எங்கும் விறைத்திருந்தால் மட்டுமே அதன் காலம் முடிந்தது என்று கொள்ளலாம்.

6.5 பஞ்சகவ்யம் அல்லது உரக் கரைசல் உள்ள டிரம்முக்குள் ஓஸின் நுனியை மூழ்க விட்டுவிட்டு அகலக் கூடாது. தொட்டி காலியாகி, கீழ்த்தளத்தில் யாரேனும் குழாயைத் திறந்தால் கரைசல் பின்னோக்கி வீட்டுக் குழாய்க்குள் ஏற வாய்ப்புண்டு. நுனி எப்போதும் கரைசலின் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும்.

7. ஆய்வு முடிவுகள்

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. ஓஸின் தேர்வை முடிவு செய்வது தொட்டி நீர்மட்டத்துக்கும் ஓஸின் வாய்க்கும் இடையிலான உயரம். அதை அளக்காமல் கடைக்குப் போகக் கூடாது.

2. மாடித் தொட்டியிலிருந்து மாடித் தோட்டத்துக்கு: 19 அல்லது 20 மி.மீ., ஒளிபுகா, நெகிழ்வான பி.வி.சி. போதும். இங்கு வலிமையைவிட அகலம் முக்கியம்.

3. மாடித் தொட்டியிலிருந்து தரைத் தோட்டத்துக்கு: நூல் வைத்த பி.வி.சி. 15 மீட்டருக்குள் என்றால் 12.5 மி.மீ., அதற்கு மேல் 19 மி.மீ.

4. மோட்டார் அல்லது பிரஷர் பம்ப்: நூல் வைத்த தடித்த பி.வி.சி. அல்லது ஈ.பி.டி.எம். ரப்பர். அச்சிட்ட வேலை அழுத்தம் மோட்டாரின் உச்ச அழுத்தத்தைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். வெயிலில் சுவரின் வலிமை குறைவதால் இந்த உபரி தேவை.

5. எந்த வகையாயினும், செலவில் ஒரு பங்கை முனைக்கு ஒதுக்க வேண்டும். வரிப்பள்ள மூக்குள்ள குழாய், இரு எஃகுக் கிளாம்ப், பொருந்தும் மரை, மாற்று வாஷர் ஆகியன இல்லாமல் வாங்கிய உயர்ந்த ஓஸும் ஒழுகும். இவற்றோடு வாங்கிய நடுத்தர ஓஸ் ஒழுகாது.

6. மாட்டிய ஒரு வாரத்தில் கிளாம்ப்பை மறுமுறை இறுக்குவதைத் தேர்வின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

முடிவுரை

என் வீட்டு மாடியில் சைக்கிள் டியூப் பட்டையையும் கட்டுக்கம்பியையும் அவிழ்த்த அன்று, அடியில் ஓஸின் முனை நாலைந்து இடத்தில் கம்பி அறுத்த தழும்போடு இருந்தது. கசிவை நிறுத்தக் கட்டிய கட்டே கசிவை வளர்த்திருந்தது. ஒரு சாண் நீளம் வெட்டி எறிந்துவிட்டு, மீதியின் முனையை வெந்நீரில் தோய்த்து, வரி மூக்கில் ஏற்றி, கிளாம்ப் போட்டேன். அதே பழைய ஓஸ்தான். இப்போது குழாயடித் தளம் காய்ந்து கிடக்கிறது. அங்கே ஒழுகிக்கொண்டிருந்த நீரில்தான் இன்று மாடியின் மேற்கு ஓரத்து நான்கு கத்தரித் தொட்டிகள் வளர்கின்றன.